நச்சுநிரல் உண்மையாகவே நீங்கிவிட்டதா?

(தோட்டப்புறக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவையும் முடித்துக் களைத்துத் திரும்பிய பின்னரும் இம்மண்டபத்தில் வந்து கூடியிருக்கிறீர்கள். அதற்காக முதற்கண் நன்றி கூறுகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கணினியைப் பற்றியது. கணினி என்றவுடன், "இது படித்த பிள்ளைகளுக்கு உரிய பேச்சு, நமக்கு இதில் என்ன வேலை?" என்று எவரும் எழுந்து போய்விட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வியர்வையின் பயன் இப்பொருளில் அடங்கியிருக்கிறது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்தின் வழியாக நடைபெற்றபோது, பிள்ளைகளின் கல்வி தடைபடக் கூடாது என்று பல குடும்பங்கள் கடன்பட்டேனும் ஒரு கணினியை, பழையதாயினும் பரவாயில்லையென்று, வாங்கி வைத்தன. இன்று அக்கணினியில் பிள்ளை படிக்கிறது. அதே கணினியில் தந்தை ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார். தாய் விடுதியில் தங்கிப் பயிலும் மகனுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறார். ஆகவே அது விளையாட்டுப் பொருளன்று. வீட்டின் இரும்புப் பெட்டியைப் போன்றது.

அத்தகைய கணினியில் வைரஸ் எனப்படும் நச்சுநிரல் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பலரும் ஓரளவு அறிந்திருக்கிறீர்கள். கடையில் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறீர்கள். அல்லது வீட்டுப் பிள்ளையே ஒரு பாதுகாப்பு நிரலை இயக்கி அதனை அகற்றிவிடுகிறது. அதன் பின்னர் எழும் கேள்விக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. அது உண்மையாகவே போய்விட்டதா? போய்விட்டது என்பதை நாம் எவ்வாறு உறுதி செய்துகொள்வது?

இலையைப் பார்த்து வேரை அறிய இயலாது

இரப்பர் மரத்தை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். ஆதலின் நீங்கள் அறிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம். வெள்ளை வேர்நோய் கண்ட மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோய் வேரைப் பற்றிய தொடக்கத்தில் மரத்தின் இலைகள் பச்சையாகவே இருக்கும். வெட்டினால் பாலும் வரும். இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கும் காலத்திலோ, வேரின் பெரும்பகுதி அழிந்து போயிருக்கும். ஆகையால் நோயைக் கண்டறிய விரும்புவோர் இலையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அடிமரத்து மண்ணை விலக்கி, வேரின்மேல் வெள்ளை நூல்களைப் போலப் பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கின்றனர். பட்டுப்போன மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்டால், அதிலிருந்து பூசணம் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றிக்கொள்கிறது என்பதும் நீங்கள் அறிந்ததே.

கணினியின் நிலையும் இதுதான். திரையில் தொல்லை தந்த விளம்பரங்கள் நின்றுவிட்டன, கணினி மீண்டும் விரைவாக இயங்குகிறது என்பவை இலையின் பசுமையைப் போன்ற அடையாளங்கள். அவற்றைக் கண்டு மகிழலாம். அவற்றை நம்பி வங்கிக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது.

முற்கால நச்சுநிரல்கள் தம்மை மறைத்துக்கொள்வதில் அத்துணை கருத்துச் செலுத்தவில்லை. 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நிரல், அவர்களுடைய பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையுமே தன்னுள் தாங்கியிருந்தது. இன்று நச்சுநிரல் எழுதுவோரின் நோக்கம் பெரும்பாலும் பணம். பணத்தைக் குறிவைக்கும் கள்வன் வீட்டில் ஓசை எழுப்புவதில்லை. எனவே அமைதி நிலவுகிறது என்பது அவன் போய்விட்டான் என்பதற்குச் சான்றாகாது.

கேள்வி ஒன்றன்று, மூன்று

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்வோம். அவ்வீட்டுப் பையன் விலையில்லாமல் கிடைத்த விளையாட்டு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிக் கணினியில் பதிகிறான். இரண்டு நாட்களுக்குப் பின் பாதுகாப்பு நிரல் எச்சரிக்கை தருகிறது. பையன் அஞ்சி, நச்சுநிரலை அகற்றச் செய்கிறான். "அச்சுறுத்தல் எதுவுமில்லை" என்று திரை கூறுகிறது. அது பொய்யன்று, நச்சுநிரல் மெய்யாகவே நீங்கிவிட்டது. ஆயினும் ஒரு வாரம் கழிந்து, தாயின் வங்கிக் கணக்கில் எவனோ நுழைய முயல்கிறான். ஏன்? இடைப்பட்ட அந்த இரண்டு நாட்களில், அவர் தட்டச்சு செய்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியே அனுப்பப்பட்டுவிட்டன. கள்வன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். சாவி அவன் கையில் இருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? "நச்சுநிரல் போய்விட்டதா?" என்னும் ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, அது இன்னும் உள்ளே இருக்கிறதா? இரண்டாவது, போகுமுன் எதையேனும் மாற்றி வைத்துவிட்டுப் போயிற்றா? மூன்றாவது, போகுமுன் எதையேனும் எடுத்துக்கொண்டு போயிற்றா? மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே மனம் அமைதி கொள்ளலாம். பாதுகாப்பு நிரல் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கூற முயல்கிறது. அதுவும் முழுமையான விடையன்று.

முதற் கேள்வி: இன்னும் உள்ளே இருக்கிறதா?

பாதுகாப்பு நிரலின் சொல்லை ஏன் முழுமையாக நம்ப இயலாது? 1984ஆம் ஆண்டிலேயே ஃபிரெட் கோஹன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரு நிரலை எவராலும் ஆக்க இயலாது என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே எத்துணை விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு நிரலாயினும், "நான் அறிந்தவற்றுள் எதுவும் இங்கு இல்லை" என்று கூற முடியுமேயன்றி, "இங்கு எதுவுமே இல்லை" என்று கூற முடியாது.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. காவலாளியே கள்வனின் பிடியில் சிக்கியிருக்கக்கூடும். 2008ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் பரவிய 'கன்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரலை நினைவுகூர்வோம். அது தொற்றிய கணினியிலிருந்து பாதுகாப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களைத் திறக்க இயலாதவாறு அது தடுத்தது. அத்தடையையே வல்லுநர்கள் ஒரு சோதனையாக மாற்றினர். ஒரே பக்கத்தில் பாதுகாப்பு நிறுவனங்களின் சின்னங்களையும், தொடர்பில்லாத வேறு சின்னங்களையும் அடுக்கி வைத்தனர். பின்னவை தெரிந்து, முன்னவை தெரியாமற் போனால் கணினி நோயுற்றிருக்கலாம் என்பது பொருள். கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டுவது போன்ற எளிய முறை அது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுகிறோம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் கணினியாதலின், அதனை வைத்தே விளக்குகிறோம்.

முதலில் காவலாளி விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். விண்டோஸுடன் வரும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' என்னும் பாதுகாப்பு நிரலைத் திறந்து, அது இயங்கும் நிலையில் உள்ளதா, இன்றைய நாள்வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் நிறுத்தாமலேயே அது நிறுத்தப்பட்டிருந்தாலோ, மீண்டும் இயக்கியும் தானே அணைந்து போனாலோ, ஐயத்திற்கு இடமுண்டு. வேறொரு நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலை நீங்களே பதித்திருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கி நிற்கும், அது இயல்பு.

இரண்டாவதாக, டிஃபெண்டரில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்றொரு பட்டியல் உண்டு. "இவற்றைச் சோதிக்க வேண்டாம்" என்று விலக்கு அளிக்கப்பட்டவை அதில் இருக்கும். சில நச்சுநிரல்கள் தாம் ஒளிந்திருக்கும் இடத்தை அப்பட்டியலில் எழுதி வைத்துவிடுகின்றன. பின்னர் நூறு முறை சோதித்தாலும் காவலாளி அந்த அறையின் கதவைத் திறக்கமாட்டார். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கிருந்தால் நீக்கிவிட்டு, மீண்டும் முழுச் சோதனை நடத்துங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸ் உறங்கும்போது சோதனை செய்யுங்கள். நச்சுநிரல் இயங்கிக்கொண்டிருக்கையில், கேட்கும் நிரலுக்குப் பொய்யான விடை தரும் ஆற்றல் அதற்கு இருக்கக்கூடும். வீட்டிற்குள் இருக்கும் திருடனே கதவருகே நின்று, "இங்கு ஒருவருமில்லை" என்று பதில் சொல்வதைப் போன்றது அது. இதற்கு மாற்றாக 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்னும் வசதி உள்ளது. அதனைத் தெரிவு செய்தால் கணினி தானே அணைந்து, வழக்கமான விண்டோஸ் எழுமுன்னரே சோதனை நடைபெறும். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். மடிக்கணினியாயின் மின்கம்பியைச் செருகி வையுங்கள்.

நான்காவதாக, வேறொரு நம்பத்தகுந்த நிறுவனத்தின் சோதனை நிரலைக் கொண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரு மருத்துவர் காணாததை மற்றொரு மருத்துவர் காணக்கூடும். ஆனால் அதனை அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திடீரெனத் திரையில் தோன்றும் அறிவிப்பு பெரும்பாலும் ஏமாற்றுக்காரரின் தூண்டிலேயாகும். அவ்வெண்ணை அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரலைப் பதியச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, பொறுத்திருந்து மீண்டும் பாருங்கள். நச்சுநிரல்களைப் பற்றிய பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. இன்று அடையாளம் தெரியாதது அடுத்த வாரம் அடையாளம் காணப்படலாம். ஆகவே கணினியை அணைத்து எழுப்பிய பின் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து மற்றொரு முறையும் சோதியுங்கள். அகற்றப்பட்ட அதே நச்சுநிரல் மீண்டும் தோன்றினால், அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கிறது என்று கொள்க.

இரண்டாம் கேள்வி: எதை மாற்றி வைத்துவிட்டுப் போயிற்று?

2011 நவம்பரில் அமெரிக்க, எஸ்தோனிய அதிகாரிகள் 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்னும் நச்சுநிரலின் பின்னிருந்த கூட்டத்தைப் பிடித்தனர். ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டிருந்தன. இணையத்தில் ஒரு பெயரைத் தட்டியதும் எவ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்று வழிகாட்டும் அமைப்பை அது மாற்றி வைத்திருந்தது. சந்திப்பில் நிற்கும் கைகாட்டியைத் திருப்பி வைத்தாற் போன்றது இச்செயல். கூட்டம் பிடிபட்ட பின்னரும் கைகாட்டிகள் திரும்பியபடியே நின்றன. அவற்றையெல்லாம் திடீரென நிறுத்தினால் மக்கள் இணையத்தை இழப்பர் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சேவை நடத்தப்பட்டது. அந்த நாள் வந்தபோதும் இலட்சக்கணக்கான கணினிகள் திருத்தப்படாமலேயே இருந்தன. மேலும், அந்நச்சுநிரலின் சில வகைகள் கணினியோடு நில்லாமல், வீட்டின் இணையப் பெட்டியாகிய ரவுட்டரிலும் கைவைத்தன. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த பெட்டிகள் எளிதில் வீழ்ந்தன.

மற்றொன்று, 'எமோடெட்'. 2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் அதிகாரிகள் இணைந்து அதன் வலைப்பின்னலைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஏப்ரல் 25இல், நோயுற்ற கணினிகளிலிருந்து அது தானே நீங்குமாறும் செய்தனர். ஆனால் எமோடெட்டின் தொழிலே பிற நச்சுநிரல்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். திறந்தவன் போய்விட்டான் என்பதால், உள்ளே வந்தவர்களும் போய்விட்டனர் என்று பொருளாகாது.

ஆகவே நாம் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கணினி எழும்போது தாமாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலை 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியில் காணலாம். பதியப்பட்டுள்ள நிரல்களின் பட்டியலையும் பாருங்கள். குறிப்பாக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் நிரல் எதுவும் நீங்கள் அறியாமல் இருக்கிறதா என்று நோக்குங்கள். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் உடனே அழித்துவிடாதீர்கள். குறித்துக்கொண்டு, அறிந்தவரிடம் கேளுங்கள்.

இணைய உலாவியில் பின்னர் சேர்க்கப்பட்ட இணைப்பு நிரல்கள், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றுள்ள தளங்கள், முதற்பக்கம், தேடுபொறி ஆகியவற்றைப் பாருங்கள். நச்சுநிரல் நீங்கியும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது என்னும் முறையீட்டிற்குக் காரணம் பலவேளைகளில் இங்கேதான் கிடக்கிறது. விண்டோஸின் இணைய அமைப்பில் 'புராக்ஸி' என்னும் இடத்தில் நீங்கள் இடாத முகவரி இருக்கிறதா என்றும் நோக்குங்கள். ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, அதன் நிர்வாகக் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். சில சேவைகளுக்கு இணைப்பு விவரங்களைத் திரும்பவும் இட வேண்டியிருக்குமாதலால், திருப்புமுன் அவற்றை நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவ் எனப்படும் விரலியை மறத்தலாகாது. பிள்ளையின் பள்ளிப் பாடத்தை அச்சடிக்கக் கடைக்கும் பள்ளிக்கும் பக்கத்து வீட்டிற்கும் சென்றுவருவது அதுவே. விரலியைத் திறந்தால் கோப்புறைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுவழிச் சின்னங்கள் மட்டும் தெரியுமாயின் அதனைச் சொடுக்காதீர்கள். அது விரலிவழிப் பரவும் நச்சுநிரல்கள் சிலவற்றின் அடையாளம். கணினியைத் தூய்மை செய்துவிட்டு, நோயுற்ற விரலியை மீண்டும் செருகினால் செய்த வேலையெல்லாம் வீணாகும். வீட்டிலுள்ள எல்லா விரலிகளையும் ஒருங்கே சோதிக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எதை எடுத்துக்கொண்டு போயிற்று?

மூன்றாம் கேள்விக்கு உரிய விடை கணினிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. எத்தனை சோதனை செய்தாலும், போன கடவுச்சொல் திரும்பி வராது. அதனைப் பயனற்றதாக்குவதே வழி.

இதில் முறை மிக முக்கியம். நோயுற்ற கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால், புதிய சாவியையும் கள்வனிடமே கொடுத்தவர்களாவோம். ஆகையால் ஐயம் எழுந்தவுடன் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, நம்பத்தகுந்த வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாம். ஆனால் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பைத் தொட்டுச் செயலி எதையும் பதிந்திராத தொலைபேசியாக அது இருக்க வேண்டும். திருமண அழைப்பு, பரிசு, தள்ளுபடி என்ற பெயரில் வரும் அத்தகைய செயலிகளும் நச்சுநிரலாக இருக்கலாம்.

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சாவிகளைப் புதுப்பித்துத் தருவது மின்னஞ்சல் ஆதலின், அதுவே தாய்ச்சாவி. மாற்றியபின், "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்னும் வசதியையும் பயன்படுத்துங்கள். ஏனெனில் சில நச்சுநிரல்கள் கடவுச்சொல்லை மட்டுமன்றி, ஏற்கெனவே நுழைந்திருக்கும் உரிமைச் சீட்டையும் கவர்ந்து செல்கின்றன. உங்கள் அஞ்சல்களை வேறெவருக்கோ அனுப்புமாறு விதி ஏதும் அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் வங்கி, ஊழியர் சேமநிதி, மற்றவை என வரிசையாக மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. இணையக் கள்வனால் அலமாரியைத் திறக்க இயலாது. இரண்டாம் படிச் சரிபார்ப்பு கிடைக்குமிடமெல்லாம் அதனை அமைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், கணினியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அக்கணமே உங்கள் வங்கியை அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை அழையுங்கள். பின்னர்க் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். கைமாறிக் கைமாறிப் போகும் பணத்தை இடையில் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் பயன்படும். வெட்கப்பட்டு மறைப்பதால் பயன் பெறுபவன் கள்வன் ஒருவனே. தவறு செய்த பிள்ளையை முதலில் கடிந்துகொள்ளாதீர்கள். அடிக்கு அஞ்சும் பிள்ளை இரண்டு நாள் மறைக்கும். அந்த இரண்டு நாளே கள்வனுக்கு வேண்டியது.

அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டிய வேளை

சில வேளைகளில் சோதனையோடு நில்லாமல் வேரோடு அகற்றுவதே அறிவுடைமை. கடவுச்சொல் திருடும் நச்சுநிரல் என்று தெரிந்தால், எவரேனும் தொலைவிலிருந்து கணினியை இயக்கியிருந்தால், அகற்றியது திரும்பத் திரும்ப வந்தால், விண்டோஸை முழுமையாக அழித்துப் புதிதாகப் பதித்துவிடுங்கள். விண்டோஸின் 'ரீசெட்' வசதியில் அனைத்தையும் நீக்கும் முறையைத் தெரிவு செய்யலாம். அதனினும் நன்று, தூய்மையான வேறொரு கணினியில், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸை விரலியில் இறக்கி, அதனைக் கொண்டு பதிப்பதாகும்.

அதற்கு முன் குடும்பப் படங்களையும் பிள்ளையின் பாடங்களையும் படியெடுத்து வையுங்கள். நிரல்களைப் படியெடுக்காதீர்கள், அவற்றோடு நோயும் சேர்ந்து வரக்கூடும். படியெடுத்தவற்றைத் திரும்பச் சேர்க்குமுன் சோதியுங்கள்.

கடையில் கொடுப்பதாயின் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். "நச்சுநிரலை மட்டும் அகற்றினீர்களா, விண்டோஸை முழுவதும் புதிதாகப் பதித்தீர்களா? அது உரிமம் பெற்றதா? அதன் பெயர் என்ன?" நேர்மையான தொழிலாளர் மகிழ்ச்சியோடு விடை கூறுவார். உரிமத்தை உடைத்துப் பயன்படுத்தும் கள்ளப்பதிப்பைப் பதித்து வாங்கினால், அந்த உடைப்பு நிரலே அடுத்த நோயின் விதையாகலாம்.

கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கும் வகையைப் பற்றியும் ஒரு சொல். அந்நிரலை அகற்றுவதால் பூட்டு திறவாது. பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனியே வையுங்கள். 2016இல் ஐரோப்பியக் காவல்துறையினரும் பாதுகாப்பு நிறுவனங்களும் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்னும் திட்டம், சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசமாகத் திறவுகோல் தருகிறது. இத்தகைய இடர்களில் ஆலோசனை வேண்டுவோர், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' உதவி மையத்தை 1-300-88-2999 என்னும் எண்ணில் அணுகலாம்.

பழைய கணினி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளாத கணினியில், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. ஓட்டை இருக்கும்வரை இன்று துடைத்தது நாளை மீண்டும் வரும். விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினியாயின், அதனைப் பாடம் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலைகளை வேறு கருவிக்கு மாற்றுதல் நலம்.

முடிவுரை

பெருமக்களே! முழு உறுதி கிடைக்குமா என்று கேட்பீர்களாயின், கிடைக்காது என்பதே நேர்மையான விடை. தோட்டத்து மரத்திற்கும் அவ்வுறுதியை எவரும் தருவதில்லை. ஆயினும் அடிமண்ணை விலக்கிப் பார்த்தவருக்கும், இலையை மட்டும் பார்த்தவருக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. விண்டோஸுக்கு வெளியே நின்று சோதித்து, கதவுகளைச் சரிபார்த்து, சாவிகளை மாற்றி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்து, நான்கும் நன்றாக இருந்தால், "போய்விட்டது" என்று கூற உங்களுக்கு நியாயமுண்டு. நான்கில் ஒன்றேனும் ஐயத்திற்கு இடமாயின், வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாக நடுங்கள். அது ஒருநாள் வேலை. போன சேமிப்பை மீண்டும் சேர்ப்பதோ பல ஆண்டு வேலை.

இவற்றையெல்லாம் செய்ய ஆங்கிலப் புலமை வேண்டுமே என்று எண்ணாதீர்கள். வீட்டிலுள்ள பிள்ளை திரையைப் படிக்கட்டும், பெற்றோர் அருகில் அமர்ந்து, "இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டாயா?" என்று கேட்கட்டும். பிள்ளைக்கு விரைவு உண்டு. உங்களுக்குப் பொறுமை உண்டு. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் காயப்படாமல் சீவும் கைக்கு, கணினியைக் காக்கும் கவனம் கைவராமற் போகாது.